கடல் இல்லீங்க, சவுக்கு

புகையைத்தான் அவள் முதலில் பார்த்தாள். ஆளைப் பார்க்கவில்லை.

சவுக்குத் தோப்புக்குள்ளிருந்து, நூல் பிரிந்தாற்போல ஒரு வெள்ளைப் புகை... மெல்ல எழுந்து, கம்பி வேலியை நோக்கிச் சாய்ந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நாற்பத்தெட்டு வெள்ளைப் பெட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு லாரி நீளம். அத்தனையும் பேட்டரி. பகலெல்லாம் வெயிலில் விளையும் மின்சாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, விளக்கு வைக்கிற நேரத்தில் காரைக்காலுக்குக் கொடுக்கிற பெட்டிகள். வெளியிலிருந்து தீ வந்து இவற்றைத் தொட எத்தனை வழி இருக்கிறது என்று அளந்து எழுதுவதுதான் பாரதிப்ரியாவின் வேலை. வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு வழி கண்ணெதிரே புகைந்துகொண்டிருந்தது.

எதையும் மூன்று தடவை யோசித்துச் செய்கிறவள் அவள். அன்றைக்கு ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. காவலறைச் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புச் சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக ஓடினாள். அதன் பாதுகாப்புப் பின்னை இழுத்தாள். அழுத்தினாள்.

வெண்பொடி மேகமாகப் பொங்கி, மெதுவாக அடங்கியது.

மேகம் கலைந்த இடத்தில் ஒரு ஆள் குந்தியிருந்தான். தலைமுடி வெள்ளை, புருவம் வெள்ளை, மீசை வெள்ளை. கண்கள் இரண்டு மட்டும் கறுப்பாக, அகலமாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. கையில் பாதி உரித்த பனங்கிழங்கு ஒன்று. அதுவும் வெள்ளை.

"தீ எங்கங்க?" என்று கேட்டான் அவன்.

அவள் அவன் காலடியைக் காட்டினாள். "இங்கதான்... எரிஞ்சுது."

"அது தீ இல்லீங்க. என் மத்தியானச் சாப்பாடு."

பின்னால் ஓடிவந்த காவலாளி ஹமீது, நடந்ததைப் பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துத்தான் சொன்னார். இது குரும்பகரத்துக் கலைவாணன். பேட்டரிப் பெட்டிகள் நிற்கிற நிலமே இவர்கள் குடும்பம் குத்தகைக்கு விட்டதுதான். இந்தத் தோப்பும், தோப்புக்கு மேற்கே உள்ள உளுந்து வயலும் இன்னும் இவர் கையில்.

பாரதிப்ரியாவுக்கு முகம் சுட்டது. அதனாலேயே குரலை உயர்த்தினாள். காய்ந்த சவுக்குச் சருகு, முப்பது மீட்டரில் பேட்டரி, இங்கே நெருப்பு மூட்டலாமா என்று அடுக்கினாள். அவன் சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ தலையை ஆட்டினான். சருகை ஒதுக்கி, குழி வெட்டித்தான் சுட்டேன், ஆனாலும் தப்புதான் என்று ஒப்புக்கொண்டான். சண்டைக்கு வராத ஆள்மேல் எப்படிக் கோபப்படுவது... அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அப்போதுதான் காற்று வந்தது.

தோப்பின் தலை முழுக்க ஒரே நேரத்தில் இரைந்தது. தூரத்தில் அலை புரண்டு, இழுத்து, மறுபடி புரள்கிறாற்போல... அவள் தன்னை அறியாமல் கிழக்கே திரும்பினாள். கடலோரக் கிளிஞ்சல்மேட்டில் பிறந்தவள். அந்தச் சத்தம் கேட்டால் கழுத்து தானாகத் திரும்பும்.

புருவத்துப் பொடியைத் துடைத்துக்கொண்டே அவன் சொன்னான்.

"கடல் இல்லீங்க... சவுக்கு."

சிலிண்டர் அவள் கையிலிருந்து நழுவிச் சருகில் விழுந்தது.

*

அவளுக்கு அப்போது ஏழு வயது. சுனாமிக்கு மறுநாள் அப்பா அவளை ஒரு லாரியில் ஏற்றிவிட்டு, அம்மாவைத் தேடத் திரும்பிப் போய்விட்டார். லாரி குரும்பகரத்தில் ஒரு நெல் கிடங்கின் முன்னால் நின்றது. உள்ளே அறுபது எழுபது பேர் இருந்தார்கள். யாரும் யாரிடமும் அதிகம் பேசவில்லை. சோறு வந்தது. அவள் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்த இரைச்சல் கேட்டது. கடல் இங்கேயும் வந்துவிட்டது என்று நினைத்தாள். அடுக்கி வைத்த நெல் மூட்டைகள்மேல் உச்சி வரை ஏறி உட்கார்ந்துகொண்டாள். பெரியவர்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். இறங்கவில்லை. கடைசியில் ஒரு பையன் மூட்டைமேல் ஏறி வந்தான்.

"கடல் இல்ல... சவுக்கு," என்றான்.

அவள் நம்பவில்லை. அவன் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, கிடங்கின் பின்பக்கம் கூட்டிப்போய், ஒரு மரத்தில் அவள் காதை வைத்து அழுத்தினான். மரம் உள்ளுக்குள் முனகிக்கொண்டிருந்தது. இரைச்சல் மேலேயிருந்து, இலைகளிலிருந்து வந்தது. தண்ணீர் எங்கேயும் இல்லை. திரும்பி வந்து, மூன்று நாளில் முதல்முறையாக அவள் தூங்கினாள். கண் விழித்தபோது அம்மாவோடு அப்பா நின்றிருந்தார். அதே லாரியில் ஊர் திரும்பினார்கள். பையனிடம் சொல்லிக்கொள்ளவில்லை. பெயரும் கேட்கவில்லை.

முகம் மறந்துவிட்டது. கை மட்டும் நினைவிருந்தது... சொரசொரப்பாக, நெல் தூசி படிந்து.

பொடி அடித்த அன்று மாலை பாரதிப்ரியா ஹமீதிடம் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள். இந்தப் பேட்டரியெல்லாம் வருவதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது? அந்தத் தம்பி கலைவாணன் வீட்டு நெல் கிடங்கு என்றார் அவர். இடித்து நாலு வருஷம் ஆகிறது.

அவள் பேருந்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். தனக்கு இருபத்தெட்டு. அவனுக்கு முப்பத்தொன்று, முப்பத்திரண்டு இருக்கும். சரியாக வருகிறது. ஆனால் கிடங்குக்கு எத்தனையோ பையன்கள் வந்துபோயிருப்பார்கள். அவனாகவே இருந்தாலும்தான் என்ன... ஒரு அழுமூஞ்சிப் பெண்ணை அவன் எதற்கு நினைவில் வைத்திருக்கப் போகிறான்? முகத்தில் பொடி அடித்தவள் என்பதே இனி அவன் நினைவில் இருக்கும். கேட்கக் கூடாது என்று முடிவெடுத்தாள். அந்த முடிவை அன்றிரவுக்குள் இரண்டு தடவை மாற்றிக்கொண்டாள்.

*

ஆய்வு ஒன்பது நாள். வேலியிலிருந்து நாலு திசையிலும் இருநூறு மீட்டர் நடக்க வேண்டும். ஐந்தைந்து மீட்டருக்கு நின்று, புல் எத்தனை உயரம், சருகு எத்தனை விரற்கடை, எவ்வளவு ஈரம் என்று குறிக்க வேண்டும்.

ஒன்பது நாளும் கலைவாணனுக்குத் தோப்பில் ஏதோ ஒரு வேலை இருந்தது. ஒரு நாள் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு நாள் அவள் பூட்ஸைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"காலைப் பாத்து வைங்க மேடம். உளுந்து இப்பதான் பூ எடுக்குது. நீங்க நடந்த வழியில பாதிக் கல்யாணம் நின்னு போச்சு."

"ரெண்டு செடிதான் மிதிச்சேன்."

"அதையும் குறிச்சு வச்சிருப்பீங்களே."

குறித்துத்தான் வைத்திருந்தாள். நோட்டை மூடிக்கொண்டாள். அவனுக்குச் சிரித்தால் கண் முதலில் சிரிக்கும், வாய் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்துகொள்ளும். அதை அவள் எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை... ஆனாலும் மறக்கவில்லை.

ஏழாம் நாள், மாசியில் பெய்யக் கூடாத மழை பெய்தது. மூன்று பேரும் காவலறையில் ஒதுங்கினார்கள். தகரக் கூரையில் மழை சடசடக்க, ஹமீது டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டே வம்பை ஆரம்பித்தார். ஊரில் எல்லாரும் சவுக்கை ஐந்து வருஷத்தில் வெட்டிக் காசாக்குகிறார்கள். இந்தத் தம்பி மட்டும் இருபது வருஷத்துக்கு மேலாக வெட்ட விடுவதில்லை. வியாபாரிகள் வந்து வந்து அலுத்துப் போனார்கள்.

"ஏங்க வெட்டல?" என்று அவள் கேட்டாள்.

"காத்துத் தடுப்புக்குத்தாங்க," என்றான் அவன். சொல்லும்போது டீயைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை.

"காத்துத் தடுப்பாம்," என்றார் ஹமீது. "பொய்யை டீக்குள்ள சொல்றாரு பாருங்கம்மா."

மழைத்துளி ஒன்று அவன் இமையில் நின்றுகொண்டிருந்தது. விழுமா விழாதா என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். விழுந்ததும், ஏதோ பிடிபட்டவள்போல வெளியே பார்த்தாள். நனைந்த உளுந்து வயல் தோப்பின் அந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று கிடந்தது.

அன்றைக்குத்தான் குத்தகைப் பத்திரத்தைப் பற்றி அவனே சொன்னான். மேற்குப் பக்கம் தீ ஆபத்து 'அதிகம்' என்று ஆய்வில் வந்தால், வேலியிலிருந்து ஐம்பது மீட்டருக்கு ஒரு மரம் நிற்கக் கூடாது என்று பத்திரத்தில் இருக்கிறது. அதாவது தோப்பு மொத்தமும் போகும். அதைச் சொல்லிவிட்டு, அவன் எதுவும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

*

மேற்குப் பக்கக் கணக்கை அவள் மூன்று தடவை போட்டாள். தோப்புக்குள் சருகு அதிகம், உண்மைதான். ஆனால் தீ அங்கே வர வேண்டுமென்றால் மேற்கிலிருந்துதான் வர வேண்டும். மேற்கே நூற்றைம்பது மீட்டருக்கு ஈரப் பச்சை உளுந்து. பச்சையில் தீ நடக்காது. மூன்று தடவையும் ஒரே விடை வந்தது: 'குறைவு'.

தோப்பு பிழைத்தது. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷமே அவளைப் பயமுறுத்தியது. இந்த விடை நோட்டிலிருந்து வந்ததா... அந்தக் கண்ணிலிருந்து வந்ததா? நாலாவது தடவையும் போட்டுப் பார்த்தாள். 'குறைவு'தான். அறிக்கையைத் திங்கட்கிழமை மேலதிகாரி உமாமகேஸ்வரி மேடத்துக்கு அனுப்ப வேண்டும். சனிக்கிழமை அவனிடம் சொல்லப் போனாள். சொல்ல வேண்டிய அவசியம் இல்லைதான். இருந்தாலும் போனாள்.

அவன் வாய்க்கால் மதகில் கால் கழுவிக்கொண்டிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டதும் அவன் முகம் முதலில் மலர்ந்தது. பிறகு எதனால் என்று கேட்டான். உளுந்து என்றாள். அந்த மலர்ச்சி மெல்ல வடிந்தது. மதகிலிருந்து கரையேறி உளுந்து வயலைப் பார்த்தான்.

"அப்படின்னா தப்புங்க," என்றான்.

"என்ன தப்பு?"

"நீங்க மாசியில பாத்தீங்க. பங்குனி கடைசியில உளுந்தைப் பிடுங்கிருவோம். அடியில அறுத்து விட்ட நெல்லுத் தாளு முழங்கால் உசரம் நிக்குது, பச்சை மறைச்சிருக்கு. சித்திரையில அதான் மிச்சம். கோடை உழவுக்கு முன்னாடி எவனாவது ஒருத்தன் தன் வயலுக்குத் தீ வைப்பான். வருஷா வருஷம் வைக்கிறான். நானும் வச்சிருக்கேன்."

ஆறு வருஷமாக இதே வேலை. நாலு தடவை போட்ட கணக்கு. யாருக்காகப் பயந்து பயந்து போட்டாளோ, அவனே தப்பு என்கிறான்...

"என் வேலைய எனக்குச் சொல்லித் தர்றீங்களா?"

"வேலையச் சொல்லலீங்க. பயிரைச் சொன்னேன். நீங்க கடக்கரை... வயலை இந்த மாசம்தான் பாக்குறீங்க."

அவன் சொன்னது உண்மை. அதுதான் வலித்தது. அவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பேருந்துக்கு நடந்தாள். இந்தத் தடவை உளுந்துச் செடிகளை எண்ணவில்லை.

*

கிளிஞ்சல்மேட்டில் அப்பா பஞ்சநாதன் ஃபைபர் படகின் இன்ஜினைக் கழற்றி மணலில் பரப்பி வைத்திருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சித்திரையில் பகல் காற்று எப்படி அடிக்கும் என்று கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

"மேக்கேருந்து கச்சான் அடிக்கும் பாப்பா. நெருப்புக் காத்து. அது அடிக்கிற அன்னைக்குக் காலையில மீனைப் பரப்புனா சாயங்காலம் கருவாடு. எங்களுக்கு லாபம்... காஞ்ச வயலுக்கு எமன்."

அவள் உள்ளே போய்ச் செயற்கைக்கோள் படங்களைத் திறந்தாள். தீ எரிந்த இடங்களைச் சிவப்புப் புள்ளிகளாகக் காட்டும் படங்கள். சின்னப் புள்ளிகளை அடுப்புப் புகை அளவு என்று போன வாரம் ஒதுக்கியிருந்தாள். இப்போது அவற்றையும் சேர்த்தாள். ஏழு வருஷத்துச் சித்திரை, வைகாசி. குரும்பகரத்து வயல்களில் கோலத்துக்கு வைத்த புள்ளிகள்போலச் சிவப்பு. அதில் இரண்டு, தோப்பின் விளிம்பை ஒட்டி.

மேற்கே தாள் எரிந்தால், கச்சான் அதைத் தோப்புக்குத் தள்ளும். தோப்பின் சருகு பற்றினால், மரத்தின் உயரத்திலிருந்து பொறி பறக்கும். முப்பது மீட்டரில் நாற்பத்தெட்டு பெட்டிகள். அவற்றில் ஒன்று வெடித்துப் பற்றினால் அந்தப் புகையை யார் மூச்சில் இழுப்பார்கள்... ஹமீதில் தொடங்கி ஒரு ஊரே.

இத்தனையும் அவள் கையெழுத்தில் 'குறைவு' என்று போக இருந்தது.

பிறகுதான் இன்னொன்று உறைத்தது. அவன் பேசாமல் இருந்திருந்தால் தோப்பு நின்றிருக்கும். வியாபாரிகளைத் திருப்பி அனுப்பி இருபது வருஷத்துக்கு மேல் காத்த தோப்பு. அவளுடைய தப்பு ஒன்றே அதைக் காப்பாற்றியிருக்கும். அவன் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

திரை மங்கலாகத் தெரிந்தது. துடைத்துக்கொண்டு, 'மேற்கு' என்ற கட்டத்தில் 'அதிகம்' என்று எழுதினாள். ஒரே தடவைதான் எழுதினாள். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அறிக்கை போய்ச் சேர்ந்த மறுநாள் உமாமகேஸ்வரி மேடம் போன் செய்து, இந்த வயல் விவரமெல்லாம் எங்கே பிடித்தாய், நல்ல வேலை என்று பாராட்டினார். கலைவாணன் பெயர் அவளுக்கு வாய்வரை வந்தது. சொல்லத் தெரியவில்லை.

அவனுக்குப் போன் செய்ய ஏழு தடவை எடுத்தாள். என்னவென்று சொல்வது... நீங்கள் சொன்னது சரி, அதனால் உங்கள் மரங்களை வெட்டச் சொல்லிவிட்டேன் என்றா? அவனும் செய்யவில்லை. பங்குனி அப்படியே போனது.

*

சித்திரை பத்தாம் தேதி, மரங்கள் அகற்றப்பட்டதைப் பார்த்துக் கையெழுத்துப் போட அவள் மறுபடி வந்தாள்.

வயல் அவன் சொன்னபடியே கிடந்தது. உளுந்து இல்லை. முழங்கால் உயரத்துக்குச் செம்பழுப்புத் தாள், மிதித்தால் நொறுங்கியது. மேற்கேயிருந்து வந்த காற்று முகத்தில் அடுப்பைத் திறந்தாற்போல அடித்தது. தோப்பில் பெரும்பகுதி விழுந்து, கட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. வேலியை ஒட்டி ஒரு வரிசை மட்டும் நின்றது. ரம்பக்காரர்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

காவலறை வாசலிலேயே ஹமீது அவளைப் பிடித்துக்கொண்டார். காலையிலிருந்து இவர்களைச் சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்கிறாராம் தம்பி. எழுதினவங்க வந்து பார்த்த பிறகுதான் கடைசி வரிசையாம்.

கலைவாணன் கடைசி மரத்தில் சாய்ந்து நின்றிருந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். அவள் எதிரே போய் நின்று, வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை.

"என்மேல கோவமா?" என்று மட்டும் கேட்டாள்.

"நான் சொல்லித்தானே எழுதினீங்க. கோவம்னா என் வாய்மேலதான்." கண் சிரித்தது. வாய் வந்து சேரவில்லை. "நீங்கதாங்க கோவிச்சுக்கிட்டுப் போனீங்க."

"நான் தப்புப் பண்ணேன். அதைச் சொன்னவங்கமேல கோவப்பட்டேன். அது ரெண்டாவது தப்பு."

காற்று வந்தது. மிச்சம் நின்ற ஒரு வரிசை இரைந்தது. முன்போல இல்லை, மெலிந்த சத்தம். ஆனாலும் அதே அலை... அவன் அண்ணாந்து பார்த்தான்.

"அன்னைக்குக் காத்துத் தடுப்புன்னு சொன்னேன்ல. ஹமீது பாய் சொன்ன மாதிரி பொய்தாங்க," என்றான். "சுனாமி சமயத்துல எங்க கிடங்குல ஒரு பொண்ணு இருந்துச்சு. இந்தச் சத்தத்தைக் கடல்னு நினைச்சு மூட்டைமேல ஏறி உக்காந்துக்கிச்சு. நான்தான் கூட்டிட்டு வந்து காட்டுனேன். மறுநாள் வயலுக்குப் போயிட்டு வந்தா, போயிருச்சு. எங்க போச்சு, அதோட அம்மா கிடைச்சாங்களா, ஒண்ணும் தெரியல. எப்பவாச்சும் தேடி வந்தா இந்த மரத்தைத்தானே அடையாளம் தெரியும்... அதான் வெட்டல. சொன்னா சிரிப்பாங்க. கால்ல ஒத்தைக் கொலுசு போட்டிருந்துச்சு. வேற எதுவும் ஞாபகம் இல்ல."

பாரதிப்ரியா நோட்டைக் கீழே வைத்தாள். மரத்தில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே அதே முனகல்.

"எடது கால்ல," என்றாள்.

அவன் சாய்ந்திருந்த மரத்திலிருந்து நிமிர்ந்தான்.

"வலது கொலுசு தண்ணியோட போச்சு. அம்மா மூணாம் நாள் கிடைச்சாங்க, இப்ப நல்லாருக்காங்க. நீங்க கூட்டிட்டுப் போனப்ப உங்க கையெல்லாம் நெல்லுத் தூசி." கண்ணைத் திறந்தாள். "மொத நாளே நீங்கதானோன்னு தோணிச்சு. உங்க மூஞ்சியில பொடி அடிச்ச கையோட எப்படிச் சொல்றதுன்னுதான்... அப்புறம், 'குறைவு'ன்னு வந்தப்ப, உங்களுக்காகத்தான் அப்படிப் போடுறேனோன்னு என்மேலயே சந்தேகம். அந்தச் சந்தேகம் எதனாலன்னு எனக்குத் தெரியும். உங்களைப் பிடிச்சிருக்கு. அது இந்த மரத்தால இல்ல. மரம் போகும்னு தெரிஞ்சும் உண்மையச் சொன்னீங்களே, அதனால."

அவன் அடுக்கியிருந்த கட்டைகளைத் திரும்பிப் பார்த்தான்.

"இருபத்தோரு வருஷமா வெட்டாம வச்சிருந்தேன்," என்றான் மெதுவாக. "வந்ததும் வராததுமா வெட்டச் சொல்லிட்டீங்க."

"வந்துட்டேன்ல... இனிமே எதுக்கு அடையாளம்?"

இப்போது வாயும் வந்து கண்ணோடு சேர்ந்துகொண்டது. நிழலில் இருந்தவர்களில் ஒருவர், ஆரம்பிக்கலாமா என்று குரல் கொடுத்தார். கலைவாணன் அவளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

ரம்பம் உறுமியது. ஒவ்வொன்றாக மரங்கள் சாய்ந்தன. ஒவ்வொன்று சாயும்போதும் அந்த இரைச்சல் ஒரு பங்கு குறைந்துகொண்டே வந்தது. கடைசி மரமும் விழுந்த பிறகு கச்சான் வெறும் காற்றாக, சத்தமில்லாமல் அவர்களைக் கடந்து போனது. அவன் காலியான இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பழகிய குரல் ஒன்று பாதிப் பேச்சில் நின்றுவிட்டாற்போல இருந்தது அவளுக்கும்.

அவள் நோட்டை எடுத்து, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டாள். பிறகு தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"எங்க ஊருக்கு வாங்க. இதைவிடப் பெரிய சத்தம் இருக்கு. ஞாயித்துக்கெழமை அப்பா கடலுக்குப் போகமாட்டாரு... அன்னைக்கு வந்தா அவரையும் பாத்துப் பேசிடலாம்."

"வந்து... நான் வயக்காட்டான். அந்தச் சத்தத்துல பயந்துட்டேன்னா?"

பாரதிப்ரியா கையை நீட்டி அவன் கையைப் பிடித்தாள். சொரசொரப்பு அப்படியேதான் இருந்தது.

"பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்," என்றாள். "சவுக்கு இல்லீங்க, கடல்தான்னு காட்டுறேன்."